மாமியார் வீட்டுச் சுவரிலிருந்து இறக்கிய வம்சாவளி

என் மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்த பரிசு ஐந்து மாதம் அவர் வீட்டு ஹாலில் தொங்கியது. மூன்றடி அகலம், கறுப்புச் சட்டம், கண்ணாடி, நடுவே ஒரு மேப்பிள் மரம், கிளை கிளையாகப் பெயர்கள். உச்சியில் ஒரு பெயரை மட்டும் பச்சை மையில் அச்சடிக்கச் சொல்லியிருந்தேன்: அப்பி மரியா ஹெமன்வே. ஆறாவது மாதம் நானே ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினேன். அந்தப் பச்சைப் பெயருக்கும் என் கணவர் குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு மாதமும் 2,920 டாலரும் செலவாயின. இரவு பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து ஒரு மணிக்கு மூடிய நாட்களை நான் எண்ணவில்லை. ஆரம்பத்திலேயே யாராவது என்னை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் சம்பந்தம் செய்துகொண்ட நம் ஆட்களில் எத்தனையோ பேர், பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்ட் என்று தொடங்கி இதே குழிக்குள் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது நியூ ஹாம்ப்ஷயரில், நாஷுவாவில். கணவரின் அம்மா வழி வெர்மான்ட் மாநிலம். மாமியார் வீட்டு அலமாரியில் தலையணை கனத்துக்கு ஒரு பழைய புத்தகம் உண்டு. வெர்மான்ட் ஊர்களின் வரலாற்றைத் தொகுத்து அப்பி ஹெமன்வே வெளியிட்ட வரிசையில் மூன்றாம் தொகுதி, 1877இல் அச்சானது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் அதைத் தொட்டுக்காட்டி, "இதைப் போட்டவங்க எங்க குடும்பத்துப் பாட்டி" என்பார். கல்யாணமான புதிதில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் ஊரில் யார் வீட்டிலாவது அந்தக் காலத்தில் பத்திரிகை நடத்திய பாட்டி இருந்தால் சும்மா விடுவோமா?

அப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1828இல் லட்லோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அங்கேயே பிளாக் ரிவர் அகாடமியில் படித்தார். பின்னாளில் ஜனாதிபதியான கால்வின் கூலிட்ஜ் படித்ததும் அதே பள்ளிதான். இளம் வயதிலேயே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, மிச்சிகன் வரை போய்ச் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். 1858இல் வெர்மான்ட் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொரு ஊரின் வரலாற்றையும் அந்தந்த ஊர்க்காரர்களையே எழுதவைத்து, காலாண்டிதழாக வெளியிடத் தொடங்கினார். இது ஒரு பெண்ணுக்கு ஏற்ற வேலை இல்லை என்று கல்லூரிப் பேராசிரியர்கள் சொன்ன பிறகும் விடவில்லை. தமிழில் ஒரு வசதி, பாடம் நடத்துபவரும் ஆசிரியர், பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர். அப்பிக்கு ஒரே சொல் போதும். கடனில் மூழ்கி, ஊரைவிட்டுச் சிகாகோ போய், 1890இல் அங்கேயே இறந்தார். ஐந்தாம் தொகுதியை அவருடைய தங்கைதான் 1891இல் வெளியிட்டார்.

கடைசிவரை அப்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் கிடையாது. இது முதல் நாள் இரவே எனக்குத் தெரிந்துவிட்டது. "பாட்டி" என்பது அங்கேயே அடிபட்டுப் போயிற்று. புத்தி இருந்திருந்தால் மாமியாரிடம் போய், உங்களுக்கு இதைச் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார், சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டு எழுதிவைத்திருப்பேன். நான் செய்தது வேறு. நேர் பாட்டி இல்லையென்றால் பாட்டியின் அக்கா தங்கை வழியாக இருக்கும், சித்தப்பா வழியாக இருக்கும் என்று அப்பியிலிருந்து கீழ்நோக்கி இறங்க ஆரம்பித்தேன். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வழி தேடினேன். அப்படித் தேடினால் ஏதாவது ஒரு வழி எப்படியும் கிடைக்கும், அதுதான் ஆபத்து. உங்களிடமிருந்து தொடங்கி மேலே போங்கள். அப்பா அம்மா, அவர்களுடைய அப்பா அம்மா என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். தாள் இல்லாத படியில் காலை வைக்காதீர்கள். சொல்லும்போது சுலபம்தான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 1600ஆம் வருடத்துப் பெயர் ஒன்று திரையில் மின்னும்போது இது ஞாபகம் வராது.

கணவரிலிருந்து அம்மா வழியாக ஐந்து தலைமுறை மேலே போனால் ஒரு பெண் வருகிறார். 1838வாக்கில் பிறந்தவர். என் நோட்டில் அவர் "ஐந்தாம் பாட்டி", இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவருடைய கல்யாண அட்டையில் பிறந்த வீட்டுப் பெயர் ஹெமன்வே என்று இருந்தது. வெர்மான்டில் பிறப்பு, இறப்பு, கல்யாணத்துக்கெல்லாம் உள்ளங்கை அளவு அட்டைகள் உண்டு, இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். அட்டை என்பது மூலப் பதிவேட்டைப் பார்த்து பின்னாளில் யாரோ எடுத்த நகல் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்பா பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. அதுவும் உறைக்கவில்லை. ஹெமன்வே என்ற எழுத்தைப் பார்த்ததும் குதித்தேன்.

அடுத்து, காசு கட்டும் தளம் ஒன்றில் யாரோ போட்டுவைத்திருந்த குடும்ப மரம் கிடைத்தது. அதில் ஐந்தாம் பாட்டியின் அப்பா, அப்பியின் பெரியப்பா மகன். அதாவது பாட்டிக்கு அப்பி அத்தை முறை. அடடா, எவ்வளவு பாந்தம்! அதே மரம் இன்னும் பதினோரு பேரின் பக்கங்களிலும் இருந்தது. பதினோரு பேர் சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். அது ஒருவர் எழுதி பதினோரு பேர் ஒரே சொடுக்கில் நகலெடுத்தது. எல்லாப் பக்கத்திலும் ஒரே தேதியில் ஒரே எழுத்துப்பிழை இருந்ததைப் பல மாதம் கழித்துத்தான் பார்த்தேன். அடுத்தவர் மரத்தை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை. அதில் ஆதாரமாக ஒட்டியிருப்பது இன்னொருவர் மரம் என்றால், அது துப்புகூட இல்லை.

அதற்கு மேலே வழி நெடுஞ்சாலை மாதிரி போயிற்று. நியூ இங்கிலாந்தின் ஹெமன்வேக்களில் பெரும்பாலோர் 1630களில் மாசசூசெட்ஸின் ராக்ஸ்பரியில் குடியேறிய ரால்ஃப் ஹெமிங்வே வழியில் வருகிறவர்கள். அந்த ஒரே குடும்பம் ஹெமிங்வே, ஹெமென்வே, ஹெம்மன்வே என்று காகிதத்துக்குக் காகிதம் வேறு எழுத்தில் வரும். நம் ஊர் ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இனிஷியலோடு வளர்ந்த எனக்குக் குழப்பம் வேறு இடத்தில் வந்தது. பழைய காகிதத்தில் "ஜூனியர்" என்று இருந்தால் மகன் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் சின்னவர் ஜூனியர், அவ்வளவுதான், சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. "பிரதர்" என்றால் உடன்பிறந்தவராக இருக்கலாம், மைத்துனராக இருக்கலாம், ஒரே சபைக்காரராகவும் இருக்கலாம். அத்தை, சித்தி, பெரியம்மா என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இந்த மொழி கொஞ்சம் கஞ்சம்தான்.

மூன்று வாரம் நான் செய்த இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர் வரலாறு தொகுத்தவர் சொந்த ஊரைப் பற்றி எழுதாமலா இருப்பார் என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்த ஐந்து தொகுதிகளிலும் லட்லோவைத் தேடினேன். கணினி தேடினால் மங்கிய எழுத்தைத் தப்பாகப் படிக்கிறதோ என்று பக்கம் பக்கமாகவும் புரட்டினேன். இல்லை. அப்பி கௌண்டிகளை, அதாவது மாநிலத்தின் மாவட்டங்களை, அகரவரிசையில் எடுத்துக்கொண்டார். அடிசனில் ஆரம்பித்து, பென்னிங்டன், கலடோனியா என்று போய் ஐந்தாம் தொகுதியில் வின்டம் வந்தது. பதினான்காவதும் கடைசியுமான கௌண்டி வின்ட்சர். லட்லோ இருப்பது அதில்தான். அது அச்சேறவே இல்லை. முப்பது வருடம் மற்ற ஊர்களுக்கெல்லாம் வரலாறு தேடிக்கொடுத்தவரின் சொந்த ஊருக்கு முறை வரவில்லை. எனக்கு அழுகையே வந்தது. அவருக்காகவா, என் மூன்று வாரத்துக்காகவா என்று தெரியவில்லை. ஒரு புத்தகத்துக்குள் பெயரைத் தேடும் முன் அது எந்த ஊரை, எந்த வருடத்தை அடக்கியது என்று பொருளடக்கத்தைப் பாருங்கள். அகப்பட்டாலும் அவசரப்படாதீர்கள். ஊர்ப் போதகரும் டாக்டரும் ஞாபகத்திலிருந்து எழுதியது நிறைய. படிக்க அருமையாக இருக்கும், ஆனால் யார் யாருக்குப் பிள்ளை என்பதற்கு அதை மட்டும் நம்ப முடியாது.

பிறந்தநாள் நெருங்க நெருங்க எனக்குப் பதற்றம். ஒரு தொழில்முறை ஆராய்ச்சியாளரை அமர்த்தினேன், 1,250 டாலர். நாற்பது பக்க அறிக்கை வந்தது, வழவழப்பான தாள், குடும்பச் சின்னம் எல்லாம் போட்டு. உள்ளே இருந்தது அதே பதினோரு பேரின் மரம். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். "எங்கள் குடும்பத்துக்கும் அப்பிக்கும் உள்ள உறவை நிறுவித்தர வேண்டும்" என்றுதான் நான் கேட்டிருந்தேன். "ஐந்தாம் பாட்டியின் பெற்றோர் யார்?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆள் வைப்பதாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தேன், எதில் ஒன்றும் அகப்படவில்லை என்பதையும் எழுதித்தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆவணத்தின் படமும் வேண்டும். படம் இல்லாத அறிக்கைக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

மரத்தை அச்சடித்துச் சட்டம் போட 240 டாலர். பிறந்தநாள் அன்று மாமியார் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

சந்தேகம் வந்தது டிஎன்ஏவால். மூன்று கிட் வாங்கினேன், 255 டாலர். முதலில் மகனுக்கு, அடுத்து கணவருக்கு, கடைசியில் மாமியாருக்கு. தலைகீழாகச் செய்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களிலேயே மூத்தவருக்கு எடுத்திருந்தால் மற்ற இரண்டும் தேவையே இல்லை, ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் பாதி கழிந்துவிடும். மகனின் பட்டியலில் பாதி என் பக்கத்து ஆட்கள். எங்கள் தூரத்து உறவு ஒருவர் நியூ ஜெர்சியில் இருப்பது தெரிந்ததுதான் அதில் லாபம். மாமியாரின் பட்டியலில் ஹெமன்வே வழிக்காரர் ஒருவர்கூட இல்லை. ஐந்து தலைமுறைக்கு மேலே ஒரே தாத்தா பாட்டியில் போய்ச் சேரும் நான்காம் கிளை உறவுகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பொருத்தம் காட்டாமலே போகலாம், ஆகவே இது தீர்ப்பு இல்லை. ஆனால் ஒருவர்கூடவா இல்லை? வயிற்றில் புளியைக் கரைத்தது.

அப்போதுதான் ஐந்தாம் பாட்டி சிறுமியாக இருந்த வீட்டின் 1850ஆம் வருட சென்சஸ் தாளை மறுபடி எடுத்தேன். முதல் மாதமே பார்த்து, கீழிறக்கி, பெயர்ப்பட்டியலைக் காப்பியடித்துவிட்டு மூடிய தாள். இந்த சென்சஸில்தான் முதன்முதலாக வீட்டுத் தலைவர் மட்டுமின்றி, சுதந்திர மக்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுத ஆரம்பித்தது 1880இல். எனக்கு இது தெரியாது. குடும்பத்தலைவர் பெயர் ஹெமன்வே, அதற்குக் கீழே எல்லோருக்கும் மேற்படிக் குறி. அவர் வயது 27, மனைவி 31, பிள்ளைகள் 12, 4, 2. திரும்பப் படியுங்கள். இருபத்தேழு வயதுக்காரருக்குப் பன்னிரண்டு வயது மகள். பதினைந்து வயதில் அப்பாவானாரா? முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் எட்டு வருட இடைவெளி. ஒன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. என் கண்ணுக்கும் தெரியவில்லை, பதினோரு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை, 1,250 டாலர் வாங்கியவர் கண்ணுக்கும் தெரியவில்லை. எந்தத் தாள் கிடைத்தாலும் பெயரைப் பார்ப்பதற்கு முன் வயதுகளைக் கழித்துப் பாருங்கள்.

பாட்டி அந்த வீட்டுக்கு அம்மாவோடு வந்த பெண். மாற்றாந்தகப்பன் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படியானால் அப்பா? 1890 சென்சஸ் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் நாசமாகிப் போனதில், 1880க்கும் 1900க்கும் இடையில் இருபது வருடம் குருடு. பாட்டி 1893இல் இறந்தவர். இறப்புப் பதிவில் அப்பா ஹெமன்வே என்று இருந்தது, ஆனால் தகவல் கொடுத்தவர் மருமகன். மாமியாரின் பெற்றோர் யார் என்று மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? இறப்புப் பதிவில் இறந்த தேதியை நம்பலாம். பிறந்த கதையை, சொன்னவர் யார் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

இரண்டு தடவை வெர்மான்ட் போய்வந்தேன், தங்கும் இடமும் பெட்ரோலுமாக 610 டாலர். முதல் தடவை போனது வீண். நிலப் பத்திரம், பிறப்பு இறப்பு எல்லாம் கௌண்டி தலைநகரில் இருக்கும் என்று நினைத்து அங்கே போய் நின்றேன். வெர்மான்டில் அவை ஊர் கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். சின்ன ஊர் அலுவலகங்கள் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, போன் செய்துவிட்டுப் போங்கள். இரண்டாம் தடவை போனபோது ஊர் கிளார்க் அம்மா இரும்பு அறையைத் திறந்துவிட்டு, பதிவேட்டைக் காட்டிவிட்டு, "புரோபேட் பார்த்தாச்சா?" என்று கேட்டார். இறந்தவர்களின் சொத்தையும் வாரிசுகளையும் கவனிக்கும் கோர்ட்டின் ஏடுகளைத்தான் சொன்னார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு ஒரு டப்பா மைசூர்பாகு அனுப்பினேன்.

அந்தக் காலத்தில் அப்பா இறந்தால், அம்மா உயிரோடு இருந்தாலும், சின்னப் பிள்ளைகளுக்குக் கோர்ட் ஒரு கார்டியனை நியமிக்கும். அந்தக் கோப்பில் அப்பா பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும். வின்ட்சர் கௌண்டியில் அப்போது புரோபேட் மாவட்டம் இரண்டு இருந்தன, ஹார்ட்ஃபர்ட், வின்ட்சர். நான் முதலில் தப்பான மாவட்டத்தின் ஏடுகளைப் பத்து நாள் புரட்டினேன். ஏடுகளின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே இருந்தன. நான் பெயர் போட்டுத் தேடியபோது வரவில்லை, பழைய மைக்ரோஃபிலிம் மாதிரி படம் படமாகத் தள்ள வேண்டியிருந்தது, முன்பக்கத்தில் கையால் எழுதிய பெயர் அட்டவணை இருந்தது. தேடல் பெட்டியில் வராதது இல்லாதது என்று நினைத்தேன் பாருங்கள், அதற்குத்தான் காசு கொட்டிக் கொடுத்தேன்.

1844ஆம் வருடத்துப் பக்கம். ஆறு வயதுப் பெண், காலமான இன்னாரின் மகள் என்று தெளிவாக இருந்தது. ஐந்தாம் பாட்டியின் பெயரேதான். அப்பா பெயர் ஹெமன்வே இல்லை. மாற்றாந்தகப்பனின் இறப்புப் பதிவையும் தேடி எடுத்தேன். அவருடைய அப்பா மாசசூசெட்ஸில் பிறந்த வேறு ஒருவர், அப்பியின் பெரியப்பா அல்ல. ஆக, ரத்தமும் இல்லை, முறையும் இல்லை.

அப்புறம் அந்தப் பாட்டிக் கதை எங்கிருந்து முளைத்தது? பதில் முதல் நாளிலிருந்தே என் கையில் இருந்தது. மாமியாரின் புத்தகத்துக்குள் மடித்த ஒரு சின்னச் சீட்டு, பழுப்பேறி, ஓரம் நைந்து. அதை நான் பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொண்டிருந்தேன்! கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபோதுதான் தெரிந்தது, ஐந்தாம் பாட்டியின் கணவர் பெயருக்கு எழுதிய சந்தா ரசீது. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ரட்லண்ட் கௌண்டிக்குப் போய்விட்டார்கள், மூன்றாம் தொகுதியில் இருப்பது ஆர்லியன்ஸும் ரட்லண்டும். காசு கட்டிப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் ஹெமன்வே என்ற பெயரும் இருந்தது, ஹெமன்வே போட்ட புத்தகமும் இருந்தது. நூறு வருடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

மாமியாரிடம் சொல்ல இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. (அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், என் அம்மாவுக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை.) ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், சென்சஸ் தாளையும் கோர்ட் பக்கத்தையும் மேசையில் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் காபி போட்டார். திரும்பி வந்து, "அதை இறக்கிடு" என்றார். இறக்கினேன். சுவரில் மூன்றடிக்கு வெளுக்காத சதுரம்.

பிறகு கேட்டார், "அப்போ அந்த அப்பா யாரு?" கோப்பில் அவருடைய சொத்துப் பட்டியலும் இருந்தது, அதைப் படித்துக் காட்டினேன். ஒரு பசு, ஏழு செம்மறி ஆடு, ஒரு கலப்பை, இரண்டு கட்டில், ஒரு சுவர்க்கடிகாரம், பைபிள் ஒன்று. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். "கடிகாரம் யாருக்குப் போச்சு?" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினோம். விதவையின் பங்கு என்று ஒரு வரி இருந்தது, அதில் பசுவும் கட்டில்களும் இருந்தன.